ளகரமும் ரகரமும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது 'பள்ளியில் என் முதல் நாள்' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். திருத்திய தாள் திரும்பி வந்தபோது அதில் இரண்டே இரண்டு எழுத்துகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. "அப்பா விண்ணப்பத்தை நிரப்பினார். அம்மா என் தலையை வாரிவிட்டாள்." நிரப்பினாரில் இருந்த 'ர்', வாரிவிட்டாளில் இருந்த 'ள்'. ஓரத்தில் பேராசிரியையின் பொடி எழுத்து: "இருவருக்கும் ஒரே வீடு. விகுதி மட்டும் ஏன் இரண்டு?"

மதிப்பெண் எதுவும் குறையவில்லை. இது இலக்கணப் பிழையும் அல்ல. எரிச்சலே அதனால்தான் வந்தது. பிழை என்றால் திருத்திக்கொண்டு போய்விடலாம். தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு செய்தாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் எத்தனை நூறு முறை அப்பாவுக்கு ரகரமும் அம்மாவுக்கு ளகரமும் போட்டிருப்பேன்! யாரும் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது. தானாக வருவதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நான் முதன்முதலாக யோசித்தது அன்றைக்குத்தான்.

"படித்ததால்தான் நீ இப்படிப் பேசுகிறாய்" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். பாதிப் பேர் பாராட்டாக, பாதிப் பேர் குற்றச்சாட்டாக. இரண்டு தரப்பும் நினைப்பதுபோல நடக்கவில்லை. என் பாடநூல்களில் பெண்ணியம் இல்லை. இருந்தவை அதற்கு நேர்மாறாக இருந்தன. கணக்குப் புத்தகத்தில் வண்டி ஓட்டியவரும் கடன் கொடுத்தவரும் ஆண்கள். பழம் வாங்கப் போனவள் பெண். ஆனாலும் படிப்புத்தான் என்னை மாற்றியது. படிப்பில் எது மாற்றியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சி நடத்திய ஆசிரியர் நல்லவர். குரலை உயர்த்தி, கையை வீசி நடத்துவார். "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" என்று வகுப்பே ஒருசேரக் கத்துவோம். 1789இல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, "பெண்களுக்கும் அந்த உரிமை வந்ததா, சார்?" என்று கேட்டுவிட்டேன். வம்புக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, "அது பாடத்தில் இல்லை. அந்தக் காலம் அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனார்.

'அந்தக் காலம் அப்படி' என்ற பதிலை நம்பி ஆறேழு ஆண்டுகள் வாழ்ந்தேன். கல்லூரி நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஒலிம்ப் து கூஜ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளரின் பெயர் கண்ணில் பட்டது. மனித உரிமைப் பிரகடனத்தில் 17 கூறுகள் இருந்தன. அவற்றுக்கு ஈடாக 17 கூறுகளோடு 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை அவர் எழுதினார். அதன் பத்தாவது கூறு, பெண்ணுக்கு மரண மேடை ஏறும் உரிமை இருக்கிறதென்றால் பேச்சு மேடை ஏறும் உரிமையும் இருந்தாக வேண்டும் என்கிறது. அவருடைய அரசியல் எழுத்துகளுக்காக 1793 நவம்பர் 3ஆம் தேதி அவரை முதல் மேடையில்தான் ஏற்றினார்கள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். 1789இலிருந்து எண்ணினால் 155 ஆண்டுகள். நாங்கள் தொண்டை கிழியக் கத்திய மூன்று சொற்களில் கடைசிச் சொல் சகோதரத்துவம் என்பதையும் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. பெண்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று கொந்தோர்சே என்ற ஆண் 1790இலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதே ஊர், அதே புரட்சி, அதே ஆண்டுகள். அப்படியானால் அந்தக் காலம் 'அப்படி' இல்லை. அந்தக் காலத்தில் வாதம் நடந்திருக்கிறது, ஒரு தரப்பு தோற்றிருக்கிறது, தோற்ற தரப்பு பாடநூலுக்குள் வரவில்லை. எங்களுக்குச் சுதந்திரச் சிந்தனையாளராக மட்டுமே அறிமுகமான ரூசோ, 1762இல் கல்வியைப் பற்றி எழுதிய நூலில் பெண்ணின் கல்வி முழுக்க ஆணை மகிழ்விக்கவும் அவனுக்குப் பயன்படவும் அமைய வேண்டும் என்கிறார். தேர்வுக்கு ரூசோவைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினா படித்தேன். அந்த ஐந்திலும் இது வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது 'அந்தக் காலம் அப்படி' என்றால் அதே காலத்தில் மறுத்துப் பேசிய ஒருவரையாவது தேடுவேன். பெரும்பாலும் கிடைப்பார். கிடைத்துவிட்டால் 'காலம்' என்ற சமாதானம் அங்கேயே படுத்துவிடுகிறது. இந்தத் தேடலுக்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம், ஒரு நூலக அட்டையும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

அதற்குப் பிறகு நான் இரண்டு ஆண்டுகள் சகிக்க முடியாத ஆளாக இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எதைத் தொட்டாலும் கோபம் வந்தது. 1890இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண் எல்லா ஆண்களையும்விட அதிக மதிப்பெண் எடுத்தார். முதல் மாணவர் என்ற பட்டத்தை ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டு, இவரை 'முதல் மாணவருக்கும் மேலே' என்று அறிவித்தார்கள். மேலே இருப்பவருக்குப் பட்டம் கிடையாது! அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். கணித மேதை எம்மி நோய்தர் என்ற பெண் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகள் 1919 வரை ஓர் ஆண் பேராசிரியரின் பெயரில்தான் அறிவிக்கப்பட்டன. இப்படி ஒன்றொன்றாகச் சேகரித்து, சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் எல்லோர் மீதும் கொட்டிக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி ஒருநாள், "நீ பேச ஆரம்பித்தால் எனக்குத் தேர்வு எழுதுவதுபோல இருக்கிறது" என்றாள். அப்போது கோபம் வந்தது. இப்போது அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

வீட்டில் இதன் முழு வேகத்தையும் தாங்கியவர் அம்மா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விடுமுறைக்குப் போனபோது அந்தச் சிவப்பு வட்டத்தின் நினைவில், தோழியிடம் போனில் "அம்மா சொன்னார், அம்மா கேட்டார்" என்று பேசிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"யாரைப் பற்றிப் பேசுகிறாய்? ஏதோ தலைமையாசிரியரைச் சொல்வதுபோல இருக்கிறது."

"உன்னைத்தான் அம்மா. அப்பாவுக்கு மட்டும் மரியாதை, உனக்கு இல்லையென்றால் அது சமத்துவம் இல்லை." கூடவே அரை மணி நேரம் விளக்கம் வேறு.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "என்னை எதற்குத் தள்ளிவைக்கிறாய்? 'சொன்னாள்' என்றால் எனக்குக் குறைச்சலாகத் தெரியவில்லை. நீ என் பிள்ளை என்பது அதில்தான் இருக்கிறது. உன் அப்பாவுக்குத்தான் அது ஒருநாளும் கிடைக்கவில்லை, பாவம்."

என்னிடம் பதில் இல்லை. மரியாதை இழந்தவராக நான் அம்மாவைப் பார்த்தேன். நெருக்கம் இழந்தவராக அவர் அப்பாவைப் பார்த்தார். இரண்டும் ஒரே விகுதியின் இரண்டு பக்கங்கள். எந்த நூலிலும் நான் அதைப் படித்திருக்கவில்லை. கற்றவள் கல்லாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்போடு போனவளுக்கு அது நல்ல அடி.

பிறகு நிறைய யோசித்து எனக்கென்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் ளகரம் நெருக்கமாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது அதைக் கேட்பவர். ஆனால் 'மருத்துவர் சொன்னார், செவிலி சொன்னாள்' என்று ஓர் அறிக்கையில் வந்தால் அது நெருக்கம் அல்ல. முன்பின் தெரியாத பெண்ணோடு எழுதுபவருக்கு என்ன நெருக்கம்? பொதுவில் எழுதும்போது எல்லோருக்கும் ஒரே விகுதி. "ஊருக்கு எழுதினால் போட்டுக்கொள், வீட்டுக்குள் வேண்டாம்" என்று அம்மாவும் அனுமதி கொடுத்துவிட்டார். இந்தக் கட்டுரையில் அவருக்கு ரகரம் வருவது அந்த ஒப்பந்தத்தின்படிதான். மேலே தோழிக்கு ளகரம் போட்டிருக்கிறேன், அவளிடம் கேட்டுவிட்டேன்.

கல்வி எனக்குக் கொடுத்த இன்னொரு கருவி, சொல். ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போயிருந்தபோது மேற்பார்வையாளர் ஒருவர், கணினித் திரையைக் காட்டும் சாக்கில் தோளில் கை வைப்பார். எடுக்க மாட்டார். அறைத்தோழி கேட்டபோது "ஒரு மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். தமிழ்ப் பெண்களின் பாதி வரலாறு இந்த 'ஒரு மாதிரி'க்குள் ஒளிந்துகிடக்கிறது என்பது என் எண்ணம். எந்த மாதிரி என்று சொல்லத் தெரியாததால் யாரிடமும் போக முடியவில்லை.

அடுத்த பருவத்தில் விருப்பப் பாடமாகப் பெண்ணியல் எடுத்தேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊழியர், மேலாளரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தபோது, ஏன் விலகினீர்கள் என்ற கேள்விக்கு எழுத அவரிடம் ஒரு சொல் இல்லை. சொந்தக் காரணம் என்றுதான் எழுத முடிந்தது. 1975இல் அவரும் வேறு சில பெண்களும் கூடிப் பேசியபோது, அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் இதே அனுபவம் இருந்தது தெரிந்தது. அங்கே தேர்ந்தெடுத்த பெயர்தான் நாம் இன்று 'பாலியல் துன்புறுத்தல்' என்று சொல்வது. பேராசிரியை இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் அம்மாவின் இளமைக் காலத்தில் அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. அவர்களுக்கு இது நடக்கவில்லை என்றா அர்த்தம்?

பயிற்சி முடிந்துவிட்டதால் அந்த மனிதர் மீது நான் எதுவும் செய்யவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. 'ஒரு மாதிரி' என்று தோன்றும் அன்றே தேதி, நேரம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதி வைத்துவிடுவேன். என்ன உணர்ந்தேன் என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். இரண்டு மூன்று பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது தற்செயலா, வழக்கமா என்று தெரிந்துவிடும். பின்னாளில் வேறோர் இடத்தில் உடன் பணிபுரிந்த ஒருவருக்காகப் புகார் எழுத உட்கார்ந்தபோது, அவரும் இப்படி எழுதி வைத்திருந்ததுதான் கைகொடுத்தது.

விடுதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவியர் விடுதிக் கதவு இரவு ஏழு மணிக்குப் பூட்டப்படும். மாணவர் விடுதிக்குப் பூட்டு உண்டா என்பதே யாருக்கும் தெரியாது. நூலகம் ஒன்பது மணி வரை. 'விதி' என்றார்கள். ஒருநாள் விதிக் கையேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அப்படி ஒரு விதியே இல்லை! யாரோ ஒரு காலத்தில் பூட்டத் தொடங்கியிருக்கிறார், யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். முதலில் 'எங்கள் உரிமை' என்று ஒரு கடிதம் எழுதினோம்; காப்பாளர் அதை மடித்து மேசைக்குள் வைத்தார். இரண்டாவது கடிதத்தில் உரிமை என்ற சொல்லே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 180 வேலை நாள், ஆக ஒவ்வொரு மாணவிக்கும் 360 மணி நேர நூலகப் பயன்பாடு குறைகிறது; இதைக் கோரும் விதி கையேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கவும் என்று மட்டும் எழுதினோம். அறுபது பேர் இருந்த விடுதியில் பதினான்கு கையெழுத்துகள். மூன்று மாதம் கழித்து எட்டரை மணி வரை அனுமதி வந்தது. ஒன்பது இல்லை, எட்டரை. அந்த அரை மணி நேரத்தை எதற்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கையெழுத்துப் போடாத நாற்பத்தாறு பேரில் பலர் எட்டரை வரை நூலகத்தில் இருந்தார்கள். முதல் வாரம் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம். ஆனால் கையெழுத்துப் போட்டது வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பே நின்றுவிடும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்களில் சிலர் என்பது பிறகு தெரிந்தது. என் வீட்டில் அந்தப் பயம் இல்லை. என் துணிச்சலில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு என் வீட்டுடையது என்று பிரிக்கத் தெரியாமல்தான் மற்றவர்களைக் கோழை என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நீண்ட நாள் நான் என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொண்டதில்லை. "நான் பெண்ணியவாதி இல்லை, ஆனால்..." என்றுதான் தொடங்குவேன். அந்த 'ஆனால்' எனக்கு ஒரு குடை மாதிரி. ஆசிரியப் பயிற்சியின்போது உளவியல் பாடத்தில், நான்சி டவ்னிங், கிறிஸ்டின் ரூஷ் இருவரும் 1985இல் முன்வைத்த ஒரு வரைவைப் படித்தேன். பெண்ணிய அடையாளம் ஐந்து நிலைகளில் உருவாகிறது என்கிறது அது. முதலில் உள்ளதை அப்படியே ஏற்றுக்கொள்வது. பிறகு கண் திறந்து கோபம் பொங்குவது. அதன்பின் ஒத்த மனமுடைய பெண்களோடு ஒன்றிப்போவது. பின்னர் தன்னளவில் சமநிலைக்கு வருவது. கடைசியில் செயலில் இறங்குவது. என் இரண்டு ஆண்டுக் கோபத்துக்கு ஒரு பெயரும் வரிசை எண்ணும் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் என் வாழ்க்கை அப்படிப் படி ஏறவில்லை. நான்காம் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு காலையில் கிளம்புவேன். கூட்டக் குறிப்பை எழுதித் தரச் சொல்லி எட்டாவது முறையாக என்னிடமே தாளை நீட்டுவார்கள், "உங்கள் கையெழுத்துதான் அழகு" என்ற பாராட்டோடு. மாலைக்குள் இரண்டாம் நிலைக்கு வந்துவிடுவேன். (குறிப்பெழுதும் வேலைக்கு இப்போது பெயர் வரிசைப்படி முறை வைத்துவிட்டோம். கையெழுத்து கோழிக்கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.) அந்தச் சொல்லை நான் எப்போது ஏற்றுக்கொண்டேன் என்று தேதி சொல்ல முடியாது. ஒருநாள் யாரோ கேட்டார், ஆமாம் என்றேன், 'ஆனால்' வரவில்லை.

இப்போது நான் வரலாற்று ஆசிரியை. பிரெஞ்சுப் புரட்சி நடத்தும் நாளில், பாடத்தில் இல்லாவிட்டாலும் இரண்டு பிரகடனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுகிறேன். கேள்வி கேட்டால் உடனே பெயர் சொல்லி எழுப்புவதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் மனத்துக்குள் எண்ணுவேன். முதல் விநாடியில் அதே நான்கு பையன்களின் கைகள். மூன்றாவது விநாடியில் கடைசி வரிசையிலிருந்து, பாதி உயர்ந்து தயங்கும் ஒரு கை. அந்தக் கைக்காகத்தான் காத்திருப்பது.

யார் எத்தனை முறை பேசினார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணுவதும் உண்டு. சென்ற ஆண்டு இறுதியில் பையன்களும் பெண்களும் ஏறக்குறைய சமமாக வந்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் காட்டவும் செய்தேன்.

மணி அடித்த பிறகு ஒரு மாணவி மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?"

"சொல்."

"கோடு சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களை எழுப்பினால் 'எந்த ஆண்டு', 'யார்' என்று கேட்கிறீர்கள். பையன்களை எழுப்பினால் 'ஏன்' என்று கேட்கிறீர்கள்."

அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மறுநாள் என் வகுப்பை நானே போனில் பதிவு செய்து, இரவு உட்கார்ந்து கேட்டேன். பதினொரு 'ஏன்' கேட்டிருக்கிறேன். ஒன்பது பையன்களுக்கு.

இப்போது குறிப்பேடு அவளிடம் இருக்கிறது. பக்கத்தை நான்காகப் பிரித்திருக்கிறாள்.